பதினொன்றாம் எண்ணின் அழுக்கு

எங்கள் ஆய்வகத்தில் யாருடைய அழுக்கு குரங்கின் ரத்தத்தில் கலந்துவிடுகிறதோ, அவர்தான் அந்த வாரம் எல்லோருக்கும் மொறுமொறு வர்க்கி வாங்கித் தர வேண்டும். கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பேக்கரியில், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு. ஆறிப்போன வர்க்கி செல்லாது, பாக்கெட் வர்க்கியைக் கண்ணில் காட்டவே கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது.

அழுக்கு என்றால் சேறோ சாணியோ இல்லை. ஒரு தும்மல், கையுறை ஓரத்தில் ஒரு சொட்டு வியர்வை, உதிர்ந்த முடி ஒன்று, அவ்வளவுதான். அதில் நம் மரபணு இருக்கிறது. குரங்குக்கும் மனிதனுக்கும் மரபணுவில் பாதை எங்கே பிரிந்தது என்று தேடுவது எங்கள் பிழைப்பு. குரங்கின் ரத்தத்தில் மனிதன் ஒரு துளி சிந்தினாலும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்துவிடும். அதனால் வேலையில் சேரும் அன்றே எல்லோரும், தலைவர் முதல் தரை துடைப்பவர் வரை, ஒரு சிறிய குழாய் ரத்தம் கொடுத்துவிட வேண்டும். எங்கள் மரபணு எழுத்துகளைப் படித்து ஒரு நிரலில் போட்டு வைத்திருப்பார்கள். அந்த நிரலை எழுதியவன் அப்போது எங்கள் குழுவில் இருந்த ரியாஸ். அவன் வைத்த பெயர் சல்லடை. எங்களில் ஒருவரிடம் மட்டும் இருக்கிற மரபணு எழுத்து எதுவும் குரங்கின் மாதிரியில் தட்டுப்பட்டால், சல்லடை அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஆளின் எண்ணை மட்டும் திரையில் காட்டும். என் எண் பதினொன்று.

சில வருஷங்களாகத் திரையில் பதினொன்றுதான். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்ததும் பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார். கையுறை எதற்கு, இசக்கி வந்து மூச்சு விட்டாலே போதும் என்று ஆய்வகத்தில் கேலி செய்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்ததே தவிர சந்தேகம் வரவில்லை. அழுக்கு வருவது எப்போதும் நாச்சி என்ற குரங்கின் மாதிரியில். நாச்சியைப் பிறந்த நாள் முதல் மடியில் போட்டுப் பாலூட்டி வளர்த்தவள் நான். என் வேர்வை அதன் மேல் இல்லாமல் யாருடையது இருக்கும்?

டாக்டர் தமயந்திகூட வர்க்கியை டீயில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, "உன்ற அழுக்குக்குத் தனி ருசி கண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். கோயம்புத்தூர்க்காரர். எங்களுக்கு மேடம். யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். வள்ளியூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு மலையேறி வந்தவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எனக்கு டைபாய்டு வந்தபோது தன் வீட்டிலேயே வைத்துக் கஞ்சி கொடுத்தார். என் தங்கை கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினார். முதல் ஆய்வுக் கட்டுரையில் என் பெயரையும் ரியாஸ் பெயரையும் எடுத்துவிட்டு, அடுத்ததில் போடுகிறேன் கண்ணு என்றார். ரியாஸ் அன்றைக்கே சண்டை போட்டுக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டான். நான் நம்பினேன். அடுத்ததிலும் பெயர் வரவில்லை, அப்போதும் அதையே சொன்னார். அப்போதும் நம்பினேன்.

நான் அப்படித்தான். எனக்கு நிச்சயம் செய்திருந்த மகராஜன் இரண்டு தடவை இன்னொருத்தியோடு போனான், இரண்டு தடவை திரும்பி வந்தான். இரண்டு தடவையும் கதவைத் திறந்துவிட்டேன். மூன்றாம் தடவை அவன் திரும்பி வராததால்தான் தப்பித்தேன். அம்மா இதற்கு வெள்ளந்தி என்று பெயர் வைத்திருந்தாள். நான் சேர்ந்த புதிதில் ஆய்வகத்தைப் பார்க்க வந்தவள், கிளம்பும்போது மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னாள்.

"இவ வெள்ளந்தி மேடம். யாரு கூப்பிட்டாலும் போயிருவா, எத்தன தடவ பட்டாலும் புத்தி வராது. நீங்கதான் பாத்துக்கிடணும்."

"நான் பாத்துக்கறேனுங்கம்மா" என்றார் மேடம். பிறகு அம்மாவுக்காக எங்கள் வேலையையும் எளிமையாகச் சொன்னார். குரங்குக்கும் நமக்கும் மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றதும் அம்மா, அப்புறம் ஏன் அது மரத்தில் இருக்கிறது என்று கேட்டாள். "உங்க வீட்லயும் என்ற வீட்லயும் அதே பல்புதானுங்களே. எப்பப் போடறோம், எப்ப அணைக்கறோம்ங்கறதுலதான் வித்தியாசம். நாங்க அந்தச் சுவிட்சுகளைத் தேடறோம்." அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஊருக்குப் போய்த் தன் மகள் எலெக்ட்ரீஷியன் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

நாங்கள் தேடிப் பிடித்த சுவிட்சுகளில் ஒன்று குட்டிப் பருவத்துக்கானது. குரங்குக் குட்டியைத் தாய் கடித்தாலும் தள்ளினாலும் அது திரும்பத் திரும்பத் தாயிடமே போகும். பால் மறந்த பிறகு மூளையில் ஒரு மரபணு அணைந்துவிடுகிறது. அதன் பிறகு கடித்தவரிடம் அது போகாது. மனிதக் குழந்தைக்கு அதே மரபணு பல வருஷம் எரிந்துவிட்டு மெதுவாக அணைகிறது. பத்திரிகைக்காரர்கள் இதற்கு நம்பிக்கை மரபணு என்று பெயர் வைத்தபோது மேடத்துக்குக் கோபம் வந்தது. அது நம்பிக்கை இல்லை, சந்தேகம் வரவேண்டிய வயதில் சந்தேகம் வருவதற்கான ஏற்பாடு என்றார். மனிதனின் சுவிட்சை ஒரு நாட்டுக்குரங்கின் கருவில் வைத்துப் பார்த்தோம். பிறந்தது நாச்சி. வைத்தது சாதாரண மனித வடிவம், பொது மரபணுக் களஞ்சியத்திலிருந்து எடுத்தது என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

நாச்சிக்கான சோதனை மிக எளிது, மிகக் கேவலமானதும்கூட. மேட்டிலுள்ள அதன் பெரிய அடைப்பிலிருந்து ஒரு கம்பிவலைப் பாதை தீவன அறைச் சுவரை ஒட்டிக் கீழே வரும். அதன் முடிவில் ஒரு சிறு கூண்டு. நான் கூண்டருகே நின்று, "வா கண்ணு" என்று கூப்பிடுவேன். வள்ளியூரில் யாரும் கண்ணு என்று கூப்பிடுவதில்லை, அது மேடத்திடம் நான் பிடித்துக்கொண்ட வார்த்தை. நாச்சி ஓடிவரும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்போம். வலிக்கும், நன்றாகவே வலிக்கும். மற்றக் குரங்குகள் ஒரு தடவை பட்டால் மறுமுறை கூண்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. வாழைப்பழம் காட்டினாலும் பல்லைத்தான் காட்டும். நாச்சி மட்டும் ஒவ்வொரு மாதமும் வந்தது. வளர்ந்து பெரிய குரங்காகி, ஐந்து வயதாகியும் வந்தது. வந்து உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஊசி.

வேறு யார் கூப்பிட்டாலும் அது வராது. என் குரலைப் பதிவுசெய்து போட்டுப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்துத் தலையைச் சாய்த்ததோடு சரி. நான் நேரில் பேசினால் போதும், என்ன பேசுகிறேன் என்பது முக்கியமில்லை. ஒருமுறை அங்கே நின்று போனில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாச்சி கூண்டுக்குள் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து விலங்குப் பகுதியில் யாரும், குறிப்பாக இசக்கி, வாயைத் திறக்கக் கூடாது என்று மேடம் உத்தரவு போட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் மேல் அதற்கு அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வயது முடிந்ததும் நாச்சியை ஒரு மறுவாழ்வுக் காப்பகத்துக்கு அனுப்புவதாக மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். நான் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். பெரிய ஆலமரங்கள், ஒரு குளம், வயதான குரங்குகள் நிறைய. நாச்சிக்கு எந்த மரம் பிடிக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

காப்பகம் இல்லை, ஐதராபாத் என்று மேடம் சொன்னது ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், மற்ற விஷயங்களுக்கு நடுவே. அங்கே ஒரு கூட்டாளி ஆய்வகம். நாச்சியின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, எந்த உயிரணுவில் எந்தச் சுவிட்ச் எரிகிறது என்று பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. மயக்க ஊசி போடக் கூடாது, போட்டால் மூளையில் எல்லாச் சுவிட்சுகளும் நிலை மாறிவிடும். பயமுறுத்தி விரட்டவும் கூடாது, அதே காரணம். நாச்சி தானாக நடந்து வண்டியில் ஏற வேண்டும்.

"இசக்கி கூப்பிட்டா வந்துரும்" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்ததும் அறைக்குப் போய் அழுதேன். மேடத்திடம் காரணம் இருக்கும், மேடம் காரணமில்லாமல் செய்ய மாட்டார் என்று அப்போதும் மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு முறை நாச்சியின் ரத்தத்தைப் படிக்கும் வேலை என்னுடையது. இந்த ஒரு தடவையாவது அழுக்கில்லாமல் செய்ய வேண்டும் என்று இரண்டு கையுறை, இரண்டு முகக்கவசம், தலையில் உறை, எல்லாம் மாட்டிக்கொண்டேன். ரத்தம் எடுத்ததும், குழாயை இயந்திரத்தில் வைத்ததும் வேறொரு பெண். நான் குழாயைத் தொடவே இல்லை.

திரையில் பதினொன்று வந்தது.

ரியாஸுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறான். பழைய கோபம் இருந்தாலும் சல்லடை அவன் பெற்ற பிள்ளை, அதைப் பற்றிக் கேட்டால் பேசிவிடுவான். நான் தொடாத குழாயில் நான் எப்படி வந்தேன் என்று கேட்டேன்.

"எந்த இடத்துல கலந்திருக்குன்னு பாத்தியா?"

"எண்ணு மட்டுந்தான காட்டும்?"

"உள்ள போய்க் கேட்டா இடமும் சொல்லும். யாரும் கேக்கறதில்ல, எல்லாருக்கும் வர்க்கி திங்கற அவசரம். நெசமான அழுக்குன்னா வீடு பூரா தூசி விழுந்த மாதிரி எல்லா இடத்துலயும் இருக்கணும். பாரு."

பார்த்தேன். வீடு பூரா இல்லை. ஒரே இடத்தில், ஒரே ஓர் எழுத்து. பழைய மாதங்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே இடம், அதே எழுத்து. நாங்கள் நாச்சிக்குள் வைத்த சுவிட்சின் நடுவில். ரியாஸ் அந்த இடத்தின் எண்ணை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னான்.

"இசக்கி, இது உன் கைலேருந்து விழுந்தது இல்ல. அதுக்குள்ளயே இருக்கு."

ஊழியர்களின் எழுத்துகள் வரிசையைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தேன். எல்லோரிடமும் ஒரே எழுத்து, பதினொன்றாம் எண்ணிடம் மட்டும் வேறு. உலகக் களஞ்சியத்தில் தேடினேன், அங்கேயும் யாரிடமும் இல்லை. முதல் எண் மேடத்துடையது. அவரிடம் இருந்தது சாதாரண எழுத்து, எல்லோரையும் போல.

முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம்தான் வந்தது. நாச்சி நிஜமாகவே என்னுடையது என்ற சந்தோஷம். அது அடங்கிய பிறகுதான் கோபம் வந்தது. நான் கொடுத்தது சல்லடைக்கான ரத்தம். அதிலிருந்து என்னை எடுத்து ஒரு குரங்குக்குள் வைத்து, அந்தக் குரங்கை என் மடியிலேயே கொடுத்து வளர்க்கச் சொல்லி, என் குரலாலேயே அதை ஊசிக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அதுகூடப் போகட்டும். அது அழுக்கில்லை என்று தெரிந்தே, அத்தனை வாரமும் அத்தனை வர்க்கியையும் சிரித்துக்கொண்டே தின்றிருக்கிறார்.

புதன்கிழமை மத்தியானம் ஆய்வகத்திலிருந்தே மேடத்துக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். பதினொன்று அழுக்கில்லை என்று தெரிந்துவிட்டது, நாச்சியை நான் கூப்பிட மாட்டேன் என்று. பதில் வரவில்லை. வியாழக்கிழமை முழுக்க விடுதி அறையை விட்டு வெளியே போகவில்லை. நான் பேசாமல் இருந்தால் நாச்சி வராது. நாச்சி வராவிட்டால் வண்டி காலியாகத் திரும்ப வேண்டும். இரண்டு முறை காலியாகத் திரும்பினால் ஐதராபாத்காரர்கள் சலித்துப்போவார்கள். அதற்குள் ரியாஸ் யாரையாவது பிடித்து, விலங்கு நலக் குழுவுக்குத் தகவல் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். என்னால் செய்ய முடிந்த ஒரே வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. அதைச் செய்துவிட முடியும் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல பனி. என் அரக்கு ஸ்வெட்டரைத் தேடினேன், கிடைக்கவில்லை. கொடியில் இல்லை, நாற்காலியில் இல்லை. புதன்கிழமை காலையில் அது மாட்டியில் தொங்கியது நன்றாக நினைவிருந்தது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. எடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

"கீழ வா கண்ணு. வண்டியத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். உன்ற கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லோணும். சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

போனேன். வண்டி முன்வாசலில் இல்லை. மேடம் தீவன அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தார் என்று முகம் சொன்னது. பக்கத்தில் தட்டி உட்காரச் சொன்னார். எதிரே பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

நான் பேச வாயெடுத்துவிட்டு, விலங்குப் பகுதி என்று நினைவு வந்து தயங்கினேன்.

"பரவால்ல, இன்னிக்குப் பேசு. மனசுல இருக்கறதெல்லாம் கொட்டிரு. எத்தன வருசமா அடக்கி வெச்சிருக்கறே."

"ஏன் மேடம் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேயில்ல?"

"குடுத்திருப்பேன்."

"அதான் கேக்கல. எது கேட்டாலும் குடுக்கற ஒருத்திகிட்டச் சம்மதம் வாங்கறதுக்கு என்ன அர்த்தம் கண்ணு? அது சம்மதமே இல்லையே."

எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அம்மா வந்துபோன அன்று இரவு என்றார். எத்தனை தடவை பட்டாலும் புத்தி வராது என்று அம்மா சொன்னது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அந்தச் சுவிட்ச் அணையாத மனிதர் யாராவது இருப்பார்களா என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த நேரம். சும்மா ஒரு சந்தேகத்தில் சல்லடைக்குள் பதினொன்றைத் திறந்து பார்த்திருக்கிறார். அங்கே அது இருந்திருக்கிறது.

"பாத்துக்கிடுங்கன்னு எங்கம்மா உங்க கையப் புடிச்சிச் சொன்னா மேடம். நீங்க என்ன பாத்திருக்கீங்க?"

"உன்னையும் பாத்துக்கிட்டேன், உன்ற எழுத்தையும் பாத்தேன், ரெண்டுந்தான். கஞ்சி வெச்சுக் குடுத்தது பொய்யில்ல."

"கட்டுரைல எம்பேர எடுத்தது?"

"மொதத் தடவ நெசமாவே நெருக்கடி. மேல இருந்து அழுத்தம்." நிறுத்தினார். "ரெண்டாந் தடவ, நீ என்ன பண்ணறேன்னு பாக்கறதுக்கு."

நான் எழுந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். வேலை தேடி ஊர் ஊராக விண்ணப்பம் போட்டபோது கட்டுரை இல்லை என்று என்னை எத்தனை இடத்தில் திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னேன். இரண்டாவது தடவை என் பெயரை எடுத்த அன்றும் உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தேனே, அதையும் குறித்துக்கொண்டீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். மகராஜன் இரண்டாம் தடவை திரும்பி வந்தபோது சேர்ந்துகொள் கண்ணு என்று சொன்னீர்களே, அது எனக்காகவா, உங்கள் ஆராய்ச்சிக்காகவா என்று கேட்டேன். அதற்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நீங்களும் அவனும் ஒன்றுதான் என்றேன். அவனாவது என் ரத்தத்தை எடுக்கவில்லை என்றேன். பேசப் பேச எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. மேடம் ஒரு வார்த்தைக்கும் மறுப்பு சொல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, பனியையே பார்த்துக்கொண்டு கேட்டார். என்னை இவ்வளவு நேரம் யாரும் பொறுமையாகக் கேட்டதில்லை.

"நாச்சி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன் கடைசியில். "அது என்ன நம்பி வருது மேடம். என்ன நம்பி. அதக் கொல்லதுக்கு நா கூப்பிட மாட்டேன். நீங்க என்ன சொன்னாலும் சரி, நீங்க கூப்பிட்டு நா வராம இருந்ததில்ல, இது ஒண்ண மட்டும் செய்ய மாட்டேன்."

"நீ கூப்பிட வேண்டாம் கண்ணு" என்றார் மேடம். எப்போதும் பேசும் அதே கனிவு.

சுவருக்குப் பின்னால் இரும்புக் கதவு விழுந்தது. டக்கென்று ஒரே சத்தம். பிறகு தாழ்ப்பாள் போடும் ஓசை.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. மேடத்துக்கு அந்த ஒரு நொடியும் தேவைப்படவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, சேலையில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த முகம் போய்விட்டது.

தீவன அறையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சுவரின் மறுபக்கம், கம்பிவலைப் பாதை முடியும் இடத்தில், சிறு கூண்டு வழக்கமாக இருக்கும் இடத்தோடு ஒட்டி வண்டியின் பின்பக்கம் நின்றது. திருப்பி அனுப்பவில்லை, இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பெள்ளி அண்ணன் கதவின் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டிக்குள் இருந்த கூண்டில் நாச்சி உட்கார்ந்திருந்தது. நான் கத்திய ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அடியாக இறங்கி வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் கம்பிக்கு வெளியே கையை நீட்டியது.

"கதவத் தெறங்க அண்ணே" என்றேன். பெள்ளி அண்ணன் என்னைத் தாண்டி மேடத்தைப் பார்த்தார். மேடம் என் பின்னால் வந்து நின்றிருந்தார்.

பெஞ்சில் அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் எனக்கு முழு உண்மையைச் சொன்னார், நான் வாயை மூடாமல் இருப்பதற்காக. வாக்குக் கொடுத்து ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். உண்மையைக் கொடுத்து ஏமாற்றியதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மேடம் கூப்பிட்டார், நான் வந்தேன். நான் பேசினேன், நாச்சி வந்தது. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் ஒரே வேலையைச் செய்தது.

நாச்சி கையை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தது. நான் ஏன் விரலைக் கொடுக்கவில்லை என்று அதற்குப் புரியவில்லை. மெல்ல ஒரு சிறிய ஒலி எழுப்பியது, குட்டியாக இருந்தபோது பால் கேட்டு எழுப்புமே, அந்த ஒலி.

"தனியா போனா ரொம்பப் பயந்துக்கும்" என்றார் மேடம் என் தோளில் கைவைத்து. "பயந்துட்டா மூளையில எல்லாம் கெட்டுப்போயிரும். அத விடு, பாவம், அதுக்குக் கஷ்டமா இருக்கும். நீ கூட இருந்தா நிம்மதியாப் போகும். ஏறிக்க கண்ணு."

தட்டிவிட வேண்டும் என்று நினைத்த கை தோளில் அப்படியே இருந்தது. வண்டிக்கு முன்னால் படுத்துக்கொள்ளலாம், ரியாஸுக்குப் போன் செய்யலாம், மேடத்தின் முகத்தில் துப்பலாம். எல்லாம் மனசுக்குள் வரிசையாக வந்துபோயின. ஐதராபாத் வரை வழி இருக்கிறது, அதற்குள் ஏதாவது செய்துவிடலாம், நாச்சியோடு இருந்தால்தான் எதையும் செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஏறி உட்கார்ந்தேன். நாச்சி என் விரலைப் பிடித்துக்கொண்டதும் அந்த ஒலி நின்றது. மேடம் தானே கதவைச் சாத்தினார்.

வண்டி மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கத் தொடங்கியது. விலங்குகளுக்கான குளிர்சாதன வண்டி, உள்ளே வெளியை விடக் குளிர். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தபோது காலில் ஏதோ முட்டியது. இருக்கைக்கு அடியில் ஒரு பை. இழுத்துப் பார்த்தேன். என்னுடைய பை. உள்ளே இரண்டு மாற்றுடை, பிரிக்காத ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு பிளாஸ்கில் டீ. எல்லாவற்றுக்கும் மேலே, மடிப்புக் கலையாமல், என் அரக்கு ஸ்வெட்டர்.

வியாழக்கிழமை முழுக்க நான் அறையை விட்டு வெளியே போகவில்லை. அதனால் விடுதிச் சாவிகளை வைத்திருக்கும் மேடம் புதன்கிழமையே எடுத்திருக்க வேண்டும், என் செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில். நான் வர மாட்டேன் என்று எழுதியதைப் படித்துவிட்டு, வண்டிக்குள் குளிருமே என்று நினைத்து எடுத்து வைத்திருக்கிறார்.

நாச்சி என் விரலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது. குளிர் தாங்கவில்லை. விரலை விடுவிக்காமல், ஒரு கையாலேயே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.